ஆக்டிவ் டைரக்டரி குரூப்கள்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

நடுத்தர அளவு அலுவலகம் ஒன்றின் ஃபைல் சர்வரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் சர்வர், கூடவே யூசர் கணக்குகளையும் குரூப்களையும் ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 காலத்தில் வந்த அமைப்புதான். பர்மிஷன் கொடுப்பதற்கு இன்றும் இதைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்தான் பாடு.

தனி ஆளின் பெயரை நேரடியாக ஃபோல்டரில் சேர்ப்பதை நான் நிறுத்தி வெகுகாலமாகிறது. அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கையும் நீக்கிவிட்டால், பட்டியலில் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் மட்டும் நிற்கும். அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாலும் பழைய உரிமை வராது. சிஸ்டம் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதனால் ஆட்களை வேலைவாரியாக ஒரு குளோபல் குரூப்பில் (ஆட்களைத் தொகுக்க நான் வைத்திருக்கும் வகை) போட்டு, அதை டொமைன் லோக்கல் குரூப் (உரிமை தருவதற்கு வைத்திருக்கும் வகை) ஒன்றில் சேர்த்து, அந்த இரண்டாவது குரூப்புக்கு மட்டும் ஃபோல்டர் உரிமை தருகிறேன். ஆரம்பத்தில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகத்தான் பட்டது. இப்போது புதிதாகச் சேர்பவரை ஒரு குரூப்பில் போட்டால் போதும், வேண்டியதெல்லாம் திறந்துவிடும்.

அடிக்கடி வரும் போன், "சேர்த்துட்டேன்னு சொன்னீங்க, இன்னும் திறக்கலையே சார்." குரூப் விவரம் லாக்-ஆன் ஆகும்போதுதான் டோக்கனில், அதாவது ஒருவர் யார், எந்தக் குரூப்களில் இருக்கிறார் என்று சிஸ்டம் பார்க்கும் சீட்டில், ஏறும். லாக்-ஆஃப் செய்துவிட்டு வரச் சொல்வேன். ஸ்கிரீனைப் பூட்டித் திறந்தால் போதாது. குரூப்பிலிருந்து நீக்கும்போதும் இதே கதைதான். ஏற்கெனவே சர்வரோடு இணைந்திருப்பவருக்கு உடனே வழி அடைபடாது.

ஷேர் பர்மிஷன் (நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும் பொருந்துவது), என்டிஎஃப்எஸ் பர்மிஷன் (டிஸ்கில் ஃபைல், ஃபோல்டர் மீதே வைப்பது) இரண்டில் எது குறைவோ அதுதான் நெட்வொர்க்கில் செல்லும். ஷேரைத் தாராளமாக விட்டு, கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பதே எனக்குச் சரிப்பட்டது. யூசர்களுக்கு 'மாடிஃபை' (படிக்க, எழுத, அழிக்க) போதும். ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் பர்மிஷனையே மாற்றிவிடலாம். கேட்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் என் பதில் இதுதான்! 'டினை' (உரிமையை வெளிப்படையாக மறுப்பது; இதன் எதிர்ப்பதம் 'அலவ்') பக்கம் போவதே இல்லை. மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த டினையை, கீழே நேரடியாகக் கொடுத்த அலவ் வென்றுவிடும். இது தெரியாமல் டினை போட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால், ஒருவருக்குக் கடைசியில் என்ன உரிமை கிடைக்கிறது என்று காட்டும் 'எஃபெக்டிவ் அக்சஸ்' டேபைப் பாருங்கள்.

இனி, கொடுத்ததைத் திரும்ப வாங்கும் அந்தப் பாடு. கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைக்கு மாறியவர் புது ஃபோல்டரை அன்றே கேட்டு வாங்கிவிடுவார். பழையதை எடுத்துவிடுங்கள் என்று யாரும் போன் செய்வதில்லை. சர்வர் 2016 முதல், காலக்கெடு வைத்து ஒருவரைக் குரூப்பில் சேர்க்கலாம். நேரம் முடிந்ததும் தானாக விலகிவிடுவார். பவர்ஷெல்லில் (கட்டளை தட்டச்சு செய்யும் கருவி) செய்ய வேண்டும், வசதியை ஒருமுறை இயக்கினால் அணைக்க முடியாது. ஆடிட்டர்களையும் பயிற்சிக்கு வருபவர்களையும் இப்படித்தான் சேர்க்கிறேன். நிரந்தர ஊழியர்களுக்கு இது உதவாது. அவர்கள் பட்டியலை அச்செடுத்துப் பிரிவு மேலாளர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். சிலர் படிக்காமலே போட்டுத் தருகிறார்கள்.