பிளஸ் டூ முடித்த கையோடு நிதிச் சான்றிதழ்: எது இப்போது, எது பிறகு?

"பையன் பரீட்சை எழுதிட்டானுங்க. காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஏதாச்சும் ஒரு சர்டிபிகேட் முடிக்க வெச்சுறலாமுங்களா?" ஏப்ரல், மே வந்தால் ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் வணிகவியல் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்பது இதைத்தான். கோச்சிங் சென்டரில் கேட்டால் உடனே சேரச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு சிலர் இப்போதே இறங்கியாக வேண்டும். மற்ற பலருக்கு அவசரம் வேண்டாம்.

எழுதவே முடியாதவற்றையும் எழுதிப் பயனில்லாதவற்றையும் முதலில் ஒதுக்கிவிடலாம். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. முதல் நிலைத் தேர்வுக்குப் பட்டப்படிப்பு முடிய 23 மாதங்களுக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது. இல்லையென்றால் வேலை அனுபவம் காட்ட வேண்டும். யூடியூபில் அமெரிக்கப் பிள்ளைகள் கல்லூரிக்கு முன்பே முடித்ததாகச் சொல்லும் எஸ்.ஐ.இ. என்பது அந்நாட்டு ஃபின்ரா அமைப்பு 2018-இல் கொண்டுவந்த தேர்வு. 18 வயது ஆனவர்கள் எழுதலாம், அங்குள்ள பங்குத் தரகு நிறுவனங்களில் சேர அது முதல் படி. காங்கேயத்தில் உட்கார்ந்து அதை எழுதி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிஞ்சுவதில் பெரியது சி.ஏ. ஃபவுண்டேஷன், அதாவது நம் ஊரில் சொல்லும் ஆடிட்டர் படிப்பின் நுழைவாயில். நான்கு தாள், 400 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி எடுக்க வேண்டும். 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. அண்மைத் தேர்வுகளில் ஏறத்தாழ 15 முதல் 22 சதவீதம் பேர்தான் தேறியிருக்கிறார்கள். பொதுத்தேர்வில் 580 வாங்கிய பிள்ளைகளும் இதில் தடுக்கி விழுகிறார்கள். காரணம் பாடத்தின் கடினம் மட்டும் இல்லை. நம் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் பிரிவிலேயே வணிகக் கணிதம் எடுத்தவர்களும் உண்டு, கணினிப் பயன்பாடு எடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைப் பிள்ளை மூன்றாம் தாளில் கணிதம், புள்ளியியல், தர்க்கத் திறன் மூன்றையும் ஒரே மூச்சில் சந்திக்கிறது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இரண்டாம் தாளான வணிகச் சட்டத்தை விரித்து எழுத வேண்டும். எழுதும் மொழி ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழுக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. கோபியிலும் தாராபுரத்திலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கணக்குப் பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்தொகையைத் தூக்கத்தில் கேட்டாலும் போடுவார்கள். அவர்களை நான்கு மாதத்தில் ஆங்கிலத்தில் ஒப்பந்தச் சட்டம் எழுதச் சொல்லி, தோற்றதும் "உனக்கு இது வராது" என்று முத்திரை குத்துவது அநியாயம். வராதது அவ்வளவு சீக்கிரத்தில் அந்த மொழிதான், கணக்கு இல்லை.

அவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. பி.காம். போன்ற வணிகப் பட்டத்தில் 55 சதவீதம், மற்றப் பட்டங்களில் 60 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த நிலையான இண்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்தைக் கைக்குக் கொண்டுவந்துவிட முடியும். கால வித்தியாசம் என்னவென்றால், ஃபவுண்டேஷன் வழியில் எல்லாம் முதல் முறையே கைகூடினால் இரண்டு ஆண்டு, இரண்டரை ஆண்டு முன்னதாக ஆடிட்டர் ஆகலாம். முதல் முறையே கைகூடுவது சிலருக்குத்தான். ஃபவுண்டேஷனை மூன்று நான்கு முறை எழுதிக் களைத்துப் போகும் பிள்ளைக்கு அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். இரண்டு வழியும் போய்ச் சேரும் பட்டம் ஒன்றே, கையெழுத்தும் ஒன்றே.

தேதியையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத் தேர்வுக்கு ஜனவரி 1-க்குள் பதிந்தாக வேண்டும். அப்போது பிள்ளை பொதுத்தேர்வுக்கான திருப்புதல் தேர்வுகளில் மூழ்கிக் கிடக்கும். ஆகவே கல்லூரிக்கு முன் முடிப்பது என்பது பேச்சளவில்தான். நடைமுறையில் மே 1-க்குள் பதிந்து செப்டம்பரில் எழுதுகிறார்கள், அதற்குள் கல்லூரி திறந்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். வணிகக் கணிதம் படித்த, ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதப் பழகிய, ஆடிட்டர் ஆவது என்று தானே முடிவெடுத்த பிள்ளை இந்த செப்டம்பரைக் குறி வைக்கட்டும். அப்பா எடுத்த முடிவாக இருந்தால் பொறுத்திருக்கலாம்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் சான்றிதழ்களை இதோடு ஒப்பிட்டால் சுலபம், மலிவு. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்க்குள். ஆனால் சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டுதான். 17 வயதில் வாங்கினால் பி.காம். முடித்து வேலைக்குப் போகும் நேரத்தில் காலாவதி. நடுவில் அதை வைத்துத் தொழில் செய்யலாமென்றால் 18 வயது ஆக வேண்டும். கல்லூரி மூன்றாம் ஆண்டில் எழுதினால் இதே காகிதம் நேர்முகத் தேர்வில் உதவும்.

அதன் பாடத்தை மட்டும் இப்போதே படிக்கச் சொல்வேன். ஈமு கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் என்று நம்பிப் பெருந்துறைப் பக்கம் கொட்டிய பணம் 2012-இல் என்னவாயிற்று என்று நம் வீடுகளுக்குத் தெரியும். அதற்கு முன் திருப்பூரில் அந்நியச் செலாவணி மோசடி. வட்டியும் ஏலச்சீட்டும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஊர் இது. 1916-லேயே கரூரில் வங்கி தொடங்கிய மண். அப்படியிருந்தும் ஏமாந்தோம். செபியும் என்.ஐ.எஸ்.எம்.மும் சேர்ந்து நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணமே கிடையாது. வேலைக்காக இல்லாவிட்டாலும் வீட்டுக்காக அதைப் படிக்கலாம்.

ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டிஷ் கணக்கியல் படிப்பை பி.காம். சேர்க்கையோடு இணைத்துக் கோவைப் பக்கம் விற்கிறார்கள். 13 தாள், கட்டணம் பவுண்டில், ஆண்டுச் சந்தா தனி. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலைக்குப் பயன்படும் படிப்புதான். இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை அதற்கு இல்லை என்பதைச் சேர்க்கும் முன் சொல்கிறார்களா என்று பாருங்கள். பி.காம். சி.ஏ. என்று விளம்பரத்தில் வருவது கணினிப் பயன்பாட்டுப் பட்டம், ஆடிட்டர் படிப்பு இல்லை. இதில் ஏமாந்த பெற்றோரும் உண்டு.

என் விருப்பத்தைக் கேட்டால், கல்லூரி திறக்கும் முன் கிடைக்கும் இரண்டு மாதத்துக்குப் பிள்ளையைத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் உட்கார வைப்பேன். பிளஸ் டூ கணக்குப் பதிவியலின் கடைசிப் பாடமே டேலிதான். அதை நிஜ பில்லில் போட்டுப் பழகலாம். ஒரு பனியன் கம்பெனியின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம் என்று துணி ஊரைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் டெலிவரி சலான், ஜாப் ஒர்க் பில். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3-பி படிவம். சாயப்பட்டறைக்காரர் பில்லை ஏற்றாமல் விட்டால் கம்பெனியின் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது, நிற்கும். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம் அதிகபட்சம் 45 நாளைத் தாண்டினால், கொடுத்து முடிக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 43-பி பிரிவில் வந்த திருத்தம் ஜவுளிக்காரர்களை எப்படிக் கலங்க வைத்தது என்பதும் அங்கே காதில் விழும். இதில் ஈடுபாடு வருகிறதா, கொட்டாவி வருகிறதா என்று இரண்டு வாரத்தில் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் செப்டம்பர் ஃபவுண்டேஷன் என்று உறுதியானால், ஃபவுண்டேஷன் முதல் ஃபைனல் வரை மொத்தமாகக் கட்டச் சொல்லி கோச்சிங் சென்டர் கேட்கும் தொகையைக் கட்டாதீர்கள். ஆடிட்டர் படிப்பை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தன் பாடநூல்களை இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, நேரலை வகுப்பும் இலவசமாக நடத்துகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கு ஊரிலும் கிளை உண்டு. பதிவு செய்யும் முன் ஒரு நடை நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.