ஊசி ஆடின மொறிஸ் மைனர்: கொக்குவிலில் பத்து நாள்

இந்த முறை ஊருக்குப் போகும்போது செய்யவேண்டிய வேலைகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி, பல்லுக்கு ஒரு கிறவுண், அப்பாவின் மொறிஸ் மைனருக்கு ஸ்பீடோமீற்றர். பிரதேச செயலகத்தில் ஒரு காலமை, பல் வைத்தியரிடம் மூன்று தரம். இரண்டும் சொல்லும்படி ஒன்றுமில்லாமல் முடிந்தன. மிச்ச நாளெல்லாம் ஸ்பீடோமீற்றர்தான்.

கார் 1960ஆம் ஆண்டு இறங்கியது. இப்போது கொக்குவிலில் சித்தப்பா வீட்டில் நிற்கிறது. அந்நியச் செலாவணி இல்லையென்று அறுபதுகளில் கார் இறக்குமதியை இறுக்கிய பிறகு, கையில் இருந்ததை விடாமல் ஓட்டிய ஊர் எங்களுடையது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது, காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அந்த மணம் சீற்றில் இன்னும் இருக்கிறதாம், சித்தி சொல்லுவா. எனக்கு மணக்கவில்லை.

வருத்தம் என்னவென்றால், 25 மைலைத் தாண்டினதும் டாஷ்போட்டுக்குள் அணில் கத்துகிற மாதிரி ஒரு கீச்சு. கூடவே ஊசி 20க்கும் 45க்கும் இடையில் ஊஞ்சல் ஆடும். நகருக்குள் 50 கிலோமீற்றர்தான் எல்லை. மைலில் அது 31. ஊஞ்சல் ஆடுகிற ஊசியை வைத்துப் பொலிசுக்கு என்ன கணக்குச் சொல்வது?

முதலில் போன கராஜ் பெரியது. காத்திருக்கிற அறைக்கு ஏசி, குடிக்க நெஸ்கபே. ஒரு பொடியன், கியர்பொக்ஸிலிருந்து ஸ்பீடோமீற்றருக்கு வருகிற கேபிளை மேல்முனையில் கழற்றி, கிறீஸை நிறைய அடைத்து, திருப்பிப் பூட்டித் தந்தான். 1,500 ரூபா. கீச்சு நின்றுவிட்டது. சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் கோண்டாவில் சந்தியில் ஊசி மெல்ல ஏறிக் கடைசி இலக்கத்தில் போய் நின்றது. அந்த நேரம் எங்களை முந்திக்கொண்டு போனது ஒரு லேடீஸ் சைக்கிள். திரும்பிப் போனால், "இதைக் கழட்டிப்போட்டு மோட்டச்சைக்கிள் டிஜிற்றல் மீற்றர் போடலாம், சேர்" என்றார்கள். சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய்க் காரில் ஏறி இருந்துகொண்டார்.

பிறகுதான் தாவடிப் பக்கம் ஒரு மாமர நிழலில் வேலை செய்கிற ஐயாவிடம் போனோம். எழுபதைத் தாண்டியிருப்பார். முதலில் ஓட்டிப் பார்த்தார். ஓட்டத்திலேயே கியரை நியூட்றலுக்கு எடுத்து எஞ்சினை நிற்பாட்டினார். கார் உருள உருள இலேசான ஒரு முனகல் மட்டும் தொடர்ந்தது. "எஞ்சினில ஒண்டும் இல்லை. கேபிளும் தலையும்தான்" என்றார். தலை என்றது ஊசி இருக்கிற மீற்றரை. கேபிளை உருவினதும் முகம் மாறிவிட்டது.

"ஆர் தம்பி இதுக்குள்ள இவ்வளவு கிறீஸை அடைஞ்சது?"

உள்கம்பி முறுக்குக் கம்பி. கியர்பொக்ஸிலிருந்து சுழன்றுகொண்டே இருக்கும்போது, அந்த முறுக்குத் திருகாணி மாதிரி வேலை செய்து, மிஞ்சின கிறீஸை மேலே மீற்றர்த் தலைக்குக் கொண்டுபோய்விடும். தலைக்குள் ஒரு காந்தம் சுழலுகிறது; அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகிற மின்சுழல் அதையும் கூட இழுக்கும். மயிர்போன்ற ஒரு சுருள் வில் போகவிடாமல் பிடிக்கும். அந்த இழுபறிதான் ஊசி காட்டுகிற வேகம். இடையில் கிறீஸ் புகுந்தால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும். சைக்கிளுக்குப் பின்னால் போகிற எங்களுக்கு உச்ச வேகம் காட்டியது அதனால்தான்.

ஆனால் முதல் வருத்தம் வேறு. ஐயா உள்கம்பியைத் துடைத்து, சீமெந்து நிலத்தில் வைத்து உள்ளங்கையால் உருட்டினார். நேரான கம்பி அமைதியாக உருளும். எங்களுடையது ஓரிடத்தில் துள்ளித் துள்ளி எழும்பியது. அந்த நெளிவு உறைக்குள் சிக்கி, முறுகி, பிறகு பட்டென்று விடுபடுவதுதான் ஊசியின் ஊஞ்சல். நெளிவுக்குக் காரணம், முன்பு யாரோ உறையை டாஷ்போட்டுக்குப் பின்னால் சடாரென்று மடக்கிக் கட்டிவிட்டது. ஆறு அங்குல ஆரைக்குக் குறைய வளைக்கவே கூடாதாம்.

ஒரு பழைய வான் வண்டியில் கழற்றிய உள்கம்பியை எடுத்தார். வெட்டுமிடம் பிரிந்துபோகாமல் முதலில் ஈயம் பற்றவைத்து, பிறகு அளவாக வெட்டி, முனையைச் சதுரமாக அடித்தார். கிறீஸ் விரல்நுனியில் எடுத்த அளவுதான். மேல்முனையில் ஒரு சாண் தூரத்துக்கு அதுவும் இல்லை.

தலையை அவர் தொடவில்லை. "இது என்ர வேலை இல்லை. மணிக்கூடு திருத்திறவரிட்டக் கொண்டுபோங்கோ." எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த வசனம் இதுதான். ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் எவரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே, ஓர் ஆள் இருக்கிற அளவு கடை. கண்ணில் லென்ஸ் போட்டிருந்தவர் ஸ்மித்ஸ் கம்பனியின் அந்தத் தலையை இரண்டு கையாலும் வாங்கினார். முகப்பு வளையத்தின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கிறீஸை வெள்ளைப் பெற்றோலில் கழுவி, அச்சுக்கு மணிக்கூட்டு எண்ணெய் ஒரு துளி விட்டார். கீச்சின் ஒரு பங்கு அந்த அச்சு காய்ந்து கிடந்ததால் வந்தது. சுருள் வில்லில் அவருடைய கை படவேயில்லை. இரண்டு நாள், 2,500 ரூபா. ரசீது கேட்டேன், சிரித்தார்.

பூட்டுமுன் ஐயா ஒரு சோதனை செய்தார். போர்க்காலத்தில் ஒரு காரின் சாமான் இன்னொரு காருக்குப் போனது சாதாரணம். தலையும் இந்தக் காருடையதுதானா? முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் உண்டு: ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது. ஒழுங்கையில் 52 அடி 9½ அங்குலம் அளந்து கோடு போட்டார். மைலில் நூறில் ஒரு பங்கு. கேபிள் முனையில் காகிதத்தில் வெட்டிய அம்பைக் குத்திவிட்டு, நானும் சித்தப்பாவும் காரைத் தள்ள, அவர் சுற்றை எண்ணினார். நூறால் பெருக்கினால் முகப்பில் இருந்ததை விடக் கொஞ்சம் கூட. "தலை உங்கட காரின்ரதான். டயர்தான் பழைய அளவில்லை, சின்னன்." ஆறாயிரம் வாங்கினார். எட்டு என்றாலும் கொடுத்திருப்பேன்.

போகிற நாளுக்கு முதல்நாள் பலாலி வீதியில் போனின் ஜிபிஎஸ்ஸோடு வைத்துப் பார்த்தோம். உண்மையில் 38 போகும்போது ஊசி 40இல், ஆடாமல் நிற்கிறது. டயரை மாற்றித் தரட்டுமா என்றேன். "கூடக் காட்டினால் நல்லதுதானே, விடு" என்றார் சித்தப்பா.

வானின் கம்பி எவ்வளவு காலம் தாங்கும் என்று ஐயா வாக்குத் தரவில்லை. மைனருக்கான புதுக் கேபிள் இங்கிலாந்தில் இன்னும் விற்கிறார்கள். அளவு எழுதி வந்திருக்கிறேன். அடுத்த முறை சூட்கேசில், சித்தி கேட்ட கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில், மடக்காமல் வட்டமாகச் சுற்றி வைக்கவேண்டும்.