எச்பிசிடூல்கிட்டா, ஸ்கலாஸ்காவா?

64 கோர்களில் (செயலியின் கணக்கிடும் அலகுகளில்) நன்றாக ஓடும் நிரல், 1,024 கோர்களுக்குப் போனதும் திணறுகிறது. காரணம் தேட எந்தக் கருவியை எடுப்பது? எச்பிசிடூல்கிட், ஸ்கலாஸ்கா இரண்டுமே நிரலின் வேகத்தை அளந்து, எங்கே மந்தம் என்று காட்டும் கருவிகள். இரண்டுமே இலவசம், திறந்த மூலம். அதனால் செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தொடங்குவது
எச்பிசிடூல்கிட்: அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. இருக்கிற நிரலை அப்படியே ஓட்டி அளக்கலாம். வரி எண் தெரிய மட்டும் டீபக் தகவலோடு (மூல வரிகளோடு இணைக்கும் குறிப்புகளோடு) கம்பைல் செய்திருக்க வேண்டும்.
ஸ்கலாஸ்கா: ஜெர்மனியின் யூலிஷ் மையத்தில் வளர்ந்தது. வழக்கமாக ஸ்கோர்-பி என்ற அளவீட்டுக் கருவி கொண்டு நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

கூடுதல் சுமை
எச்பிசிடூல்கிட்: அவ்வப்போது மாதிரி எடுப்பதால் சுமை குறைவு.
ஸ்கலாஸ்கா: இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பும் பதிவாவதால், கோடிக்கணக்கான முறை அழைக்கப்படும் குட்டி ஃபங்ஷன்கள் ஓட்ட நேரத்தையே ஊதிவிடும். அப்புறம் அந்த அளவீட்டை நம்ப முடியாது. முதலில் சின்ன ஓட்டம், பிறகு ஸ்கோர்-பியின் மதிப்பீட்டைப் பார்த்து வடிகட்டிப் பட்டியல் (பதிவு செய்ய வேண்டாத ஃபங்ஷன்கள்), அதன்பின் பெரிய ஓட்டம். இந்த வரிசையைத் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

கிடைக்கும் பதில்
எச்பிசிடூல்கிட்: எந்த வரி, எந்த அழைப்புப் பாதை நேரத்தைத் தின்கிறது.
ஸ்கலாஸ்கா: ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி ஓடும் நிரலின் பிரதிகளில், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள். அனுப்புபவர் தாமதமானால், அந்தத் தாமதம் எங்கே பிறந்தது என்பது வரை காட்டும்.

பயிற்சி
ஸ்கலாஸ்காவுக்கு விஐ-எச்பிஎஸ் (இப்படிப்பட்ட கருவிகளை உருவாக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு) பட்டறைகள் உண்டு. சொந்த நிரலைக் கொண்டுபோய் நிபுணரோடு உட்கார்ந்து பார்க்கலாம். கையேடு படிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரே நோடுக்குள் (கணினித் தொகுப்பின் ஒரு கணினிக்குள்) மந்தம் என்றால் எச்பிசிடூல்கிட். எம்பிஐ (அந்தச் செய்திப் பரிமாற்றத்துக்கான முறை) காத்திருப்பு என்று சந்தேகம் வந்தால் ஸ்கலாஸ்கா. எதுவுமே புரியாத நிலையில், சரி, முதலாவதில் தொடங்குங்கள். அரை நாளில் ஒரு படம் கிடைத்துவிடும்.