தேநீர்க் கோப்பையும் துரோகியும்: தொடரா, திரைப்படமா?

பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடும் கதையாக ஜான் லெ காரே 1974இல் எழுதிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ நாவலைத் திரையில் காண விரும்புவோருக்கு, 1979இன் பிபிசி தொடரா, 2011இன் திரைப்படமா என்ற தயக்கம் வருவது இயல்பே.

நேரம்: தொடர் ஏழு பகுதிகள் கொண்டது, படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது.

தெளிவு: தொடர் நிதானமாக விளக்குகிறது; படத்தில் ஒரு பார்வையைத் தவறவிட்டாலும் கதையின் இழை அறுந்துவிடும்.

வில்லன்: தொடரின் முதல் காட்சியில், உளவுத்துறையின் உயர் அதிகாரிகள் நால்வர், ஏறக்குறைய ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் வருகிறார்கள். கடைசியாக வருபவர் தேநீர்க் கோப்பையின் மேல் சாசரை வைத்து, சிந்தாமல் ஏந்தி வருகிறார். துரோகி யாரென்று இங்கே சொல்லிவிடுவது முறையன்று; ஆனால் சந்தேகம் அந்த மேசையைச் சுற்றியே வளர்கிறது என்பதும், பகைவன் அன்றாடம் நம்மோடு தேநீர் அருந்துபவனாகவே இருக்கக்கூடும் என்பதும் அக்காட்சியிலேயே உறைத்துவிடுகின்றன. நாவலில் செக்கோஸ்லோவாக்கியாவில் பிரிட்டிஷ் உளவாளி ஒருவருக்கு விரிக்கப்படும் பொறியைப் படமோ புடாபெஸ்ட் காபிக்கடைக்கு மாற்றி, பரிமாறுபவரின் முகத்திலிருந்து சொட்டும் ஒரு வியர்வைத் துளியில் அச்சத்தைக் காட்டுகிறது.

ஒரே மாலையில் பதற்றத்தை உணர விரும்புவோருக்குப் படம் பொருந்தும். துரோகியின் முகத்தைப் பழகிப் பழகி அறிய விரும்புவோருக்குத் தொடரையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.