ஒற்றைக் கையா, ஆறு கால்களா?

அறுவை சிகிச்சை ரோபோ என்றதும் பலருக்கும் டா வின்சி என்ற ரோபோவின் நீண்ட கைகள்தான் நினைவுக்கு வரும். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுக்கு அடுத்து மூட்டாகப் போகும் தொடர் வகை அது. இணை வகை வேறு மாதிரி. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, இடையில் நீண்டு சுருங்கும் ஆறு கால்கள். விமானிகள் பழகும் சிமுலேட்டரை ஆட்டுவதும் இதே அமைப்புதான்.

தொடர் கையில் தோளில் ஏற்படும் சிறு பிசகு நுனிக்கு வரும்போது பெரிதாகிவிடும். இணை வகையோ பல்லக்குத் தூக்குவது போல. சுமையை ஆறு கால்களும் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் சின்ன உருவத்திலேயே நல்ல உறுதி கிடைக்கும். ஆனால் எட்டும் தூரம் ரொம்பக் குறைவு.

முதுகெலும்பு அறுவையில் இந்த இரண்டும் நேராகவே மோதின. இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோஷே ஷோஹாமின் ஆய்வில் பிறந்த ஸ்பைன்அசிஸ்ட், குளிர்பான டப்பா அளவே உள்ள ஆறுகால் ரோபோ. 2004இல் அமெரிக்க அனுமதி பெற்றது. எலும்போடு பிணைத்த சட்டத்தில் அதை மாட்டுவார்கள். மூச்சில் முதுகு ஏறி இறங்கினால் ரோபோவும் கூடவே ஏறி இறங்கும். முதுகெலும்பில் போடும் ஸ்க்ரூவுக்கான பாதையை அது காட்டும். துளை போடுவது டாக்டர். சிக்கல் எங்கே என்றால், அடுத்தடுத்த எலும்புகளுக்குப் போக அதைக் கழற்றிச் சட்டத்தில் வேறிடத்தில் மாட்ட வேண்டும். ஸ்பைன்அசிஸ்டைத் தயாரித்த அதே நிறுவனம் 2016இல் கொண்டுவந்த மேசர் எக்ஸ், அறுவை மேசையில் பொருத்தும் தொடர் கை. எலும்போடு பிணைப்பதை விடவில்லை, ஆறு கால்களை விட்டுவிட்டார்கள். அங்கே கைக்குத்தான் வெற்றி என்பேன்.

கால் எலும்பை நீட்டுவதில் கதை தலைகீழ். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசாரோவ் வகுத்த, காலைச் சுற்றி மாட்டி எலும்போடு கம்பிகளால் பிணைக்கும் வளைய முறையில் நாளுக்கு 1 மி.மீ., அதையும் 0.25 மி.மீ. வீதம் நான்கு தடவையாக நீட்டுவார்கள். எலும்பு வளைந்தும் முறுக்கியும் இருந்தால் ஒவ்வொரு கோணலுக்கும் கீல்களை மாற்றிக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் டெய்லர் சகோதரர்கள் 1990களில் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஆறு சாய்ந்த கம்பிகளை வைத்தார்கள். மென்பொருள் தினசரி அட்டவணை கொடுக்கும். எல்லாக் கோணலும் ஒரே ஓட்டத்தில் நேராகும். கம்பிகளைத் திருகுவது வீட்டில் நோயாளியேதான். மோட்டாரே இல்லாத இதை ரோபோ என்று சொல்லலாமா? கணக்கு அப்படியே ஆறுகால் ரோபோவின் கணக்கு. மோட்டார் மட்டும் மனித விரல். விலை அதிகம்தான். வெறுமனே நீளம் கூட்டுவதற்குப் பழைய வளையமே போதும்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்தால், கணுக்காலுக்கு இணை வகை இயல்பாகப் பொருந்தும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய கருவியில் பாதத்தைத் தட்டில் வைத்து, திரையில் விமானம் ஓட்டியபடியே பயிற்சி செய்யலாம். நடக்கவைத்துப் பழக்க அது போதாது, வீச்சு பற்றாது. அங்கே தொடர் வகைதான்: சுவிட்சர்லாந்தின் நடைப் பயிற்சி ரோபோ லோகோமாட் இடுப்பையும் முழங்காலையும் மோட்டாரால் நடத்துகிறது. கணுக்காலுக்கு அதில் மோட்டார் கிடையாது; பாதம் தொங்காமல் தூக்கிப் பிடிக்க ஒரு வார் மட்டும்தான்.