பில்லில் ரெய்டு, பெட்டியில் ஆட்டோபார்ட்: ஷேர்டு லினக்ஸ் சர்வர் வாங்குவோர் கவனத்துக்கு

சர்வரில் 4 டிபி டிஸ்க் இரண்டு. பில்லில் நான்கு வரி: ரெய்டு 1 மிரர் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது), தனித்தனி பார்ட்டிஷன் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரிப்பது), யூசர் கோட்டா (ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற வரம்பு), பேக்கப். நான்குக்கும் சேர்த்து ‘இன்ஸ்டலேஷன் அண்ட் கான்ஃபிகரேஷன்’ என்று தனிக் கட்டணம். உள்ளே ராக்கி லினக்ஸ் 9. ஏறத்தாழ 60 பேர் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் முறை) வழியே உள்ளே வந்து வேலை செய்யும் பொது சர்வர். நான்கு வரியில் ஒன்றுகூட அந்தப் பெட்டியில் இல்லை. விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்து கொடுப்பவர்கள் பலர் என்பதால், எதை எங்கே பார்த்தால் குட்டு உடையும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதல் அடையாளம், இடக் கணக்கைக் காட்டும் டிஎஃப் -எச் கட்டளையிலேயே இருக்கிறது. டிஸ்க் தயாரிப்பாளர் சொல்லும் 4 டிபி, லினக்ஸ் காட்டும் கணக்கில் 3.6டி. இரண்டு டிஸ்கையும் மிரர் செய்திருந்தால் எல்லாப் பார்ட்டிஷனையும் கூட்டினாலும் 3.6டி-யைத் தாண்டக் கூடாது. இங்கே யூசர்களின் ஃபைல்கள் இருக்கும் /ஹோம் மட்டுமே 7.2டி. ‘நிறைய இடம் கிடைத்திருக்கிறதே’ என்று வாங்குபவர் சந்தோஷப்படுவார். உண்மையில் மிரர் இல்லை, இரண்டு டிஸ்கும் வால் பிடித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எது போனாலும் மொத்தமும் போகும். ஒரே டிஸ்க் வைத்திருப்பதைவிட இது மோசம், ஏனென்றால் பழுதாகக்கூடிய பொருள் இப்போது இரண்டு. ‘டேட்டா இன்னும் பாதி கூட நிரம்பலையே, முதல் டிஸ்கில்தானே இருக்கும்’ என்று ஆறுதல் தேடவும் வழியில்லை. இந்த சர்வரின் ஃபைல்சிஸ்டமான (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) எக்ஸ்எஃப்எஸ் புதிய டைரக்டரிகளை ஒரே மூலையில் அடுக்காமல், இடத்தைப் பிரித்து வைத்திருக்கும் தன் அலொகேஷன் குரூப்கள் எங்கும் பரப்பி வைக்கும். பத்து சதவீதம் நிரம்பியிருந்தாலும் அதில் ஒரு பங்கு இரண்டாவது டிஸ்கில்தான்.

உறுதி செய்ய மூன்று கட்டளை போதும். கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட் அடித்தால், சாஃப்ட்வேர் ரெய்டு இருந்தால் ரெய்டு1 என்ற வரியும், இரண்டு டிஸ்கும் வேலை செய்கின்றன என்று சொல்லும் [யூயூ] என்ற குறியும் வரும். எல்எஸ்பிஎல்கே எந்த டிஸ்கின் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று மரம்போலக் காட்டும். எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு) பற்றி அறிய எல்விஎஸ் -ஏ -ஓ +செக்டைப்,டிவைசஸ் என்று அடித்தால் லீனியர், அதாவது ஒன்றன்பின் ஒன்று, என்று வரும். இதில் ஒரு நுணுக்கம். லீனியர் என்ற சொல்லை மட்டும் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். டிவைஸ் இடத்தில் எம்டி127 மாதிரி ஒரு பெயர் இருந்தால் அடியில் ரெய்டு இருக்கிறது, லீனியர் சரிதான். அங்கே எஸ்டிஏ3, எஸ்டிபி1 என்று நேராக டிஸ்க் பெயர்கள் இருந்தால்தான் மிரர் இல்லை என்று அர்த்தம். ஹார்டுவேர் ரெய்டு கார்டு இருந்தால் எல்எஸ்பிஎல்கே-யில் ஒரே ஒரு 3.6டி டிஸ்க் தெரியும்.

இனி ‘தனித்தனி பார்ட்டிஷன்’. ராக்கி, அல்மா, ரெட்ஹேட் எதுவானாலும் இன்ஸ்டாலர் தான் செய்ததை /ரூட் டைரக்டரியில் அனகோண்டா-கேஎஸ்.சிஎஃப்ஜி என்ற ஃபைலில் எழுதி வைத்துவிட்டுப் போகும். அதைத் திறந்தால் பார்ட்டிஷன் பகுதியில் ஒரே சொல்: ஆட்டோபார்ட், அதாவது இன்ஸ்டாலரே பிரித்துக்கொள்ளட்டும் என்பது. இரண்டு டிஸ்கையும் டிக் செய்து, ‘ஆட்டோமேட்டிக்’ வைத்து, ‘டன்’ அமுக்கியிருக்கிறார்கள். கட்டணம் வாங்கிய கான்ஃபிகரேஷன் முழுக்க அவ்வளவுதான். கேட்டபோது வந்த பதில்: “சார், ஆட்டோமேட்டிக்கே கம்பெனி ரெக்கமண்டேஷன் சார், எல்லா இடத்திலும் இதுதான் பண்றோம்.”

ஆட்டோமேட்டிக் என்ன செய்யும் என்று தெரிந்தால் பின்னால் வந்த எல்லாக் கோளாறும் புரிந்துவிடும். ரூட்டுக்கு (/ என்ற மூல ஃபைல்சிஸ்டம்) அதிகபட்சம் 70 ஜிபி, /பூட்டுக்கு 1 ஜிபி, கொஞ்சம் ஸ்வாப், மிச்சம் அத்தனையும் /ஹோமுக்கு. /வார், /டெம்ப், /எஸ்ஆர்வி எல்லாம் அந்த 70 ஜிபிக்குள்தான். லேப்டாப்புக்கு இது பரவாயில்லை. அறுபது பேர் புழங்கும் சர்வரில் லாக், டேட்டாபேஸ், கன்டெய்னர் இமேஜ், டிஎன்எஃப் கேஷ், யார் யாரோ /டெம்பில் கொட்டும் தற்காலிக ஃபைல் எல்லாம் அதே 70 ஜிபிக்கு அடித்துக்கொள்ளும். ஒரே ஒருவர் ஒரு பெரிய ஃபைலை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையை ஓட்டினால் போதும், /டெம்ப் நிரம்பி ரூட் நூறு சதவீதம் ஆகிவிடும். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் என்றால் இயல்பாக 5 சதவீதம் ரூட் யூசருக்கு (அட்மினுக்கு) ஒதுக்கி வைக்கும், உள்ளே போய்ச் சுத்தம் செய்ய மூச்சுவிட இடம் கிடைக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. நிரம்பினால் அட்மினுக்கும் சேர்த்துத்தான் நிரம்பும்.

அப்போது ‘/ஹோமில் ஏழு டிபி சும்மா கிடக்கிறதே, அதிலிருந்து 200 ஜிபி எடுத்து ரூட்டுக்குக் கொடுத்தால் என்ன?’ என்று யாருக்கும் தோன்றும். முடியாது. எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சுருக்க நடைமுறையில் வழி இல்லை. விஜிஎஸ் அடித்துப் பார்த்தால் விஃப்ரீ பத்தியில் பூஜ்யம், வால்யூம் குரூப்பில் (எல்விஎம் இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொதுக் குவியல்) ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. மிச்சம் இருந்திருந்தால் எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் என்று ஒரே வரியில், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. இல்லாததால் /ஹோம் முழுவதையும் வெளியே காப்பி எடுத்து, அழித்து, சிறிதாக்கி, திரும்பக் கொண்டுவர வேண்டும். எல்விஎம் போட்டுவிட்டு இடம் முழுவதையும் ஒதுக்கிவிடுவது எல்விஎம் போடாததற்குச் சமம்.

வெண்டர் இதைச் ‘சரிசெய்த’ விதம் தனிக் கூத்து. அதற்கும் சர்வீஸ் சார்ஜ். /வார்/லிப் அடியில் இருந்த டேட்டாபேஸ் டைரக்டரியை /ஹோமுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் சிம்லிங்க் போட்டார்கள். டேட்டாபேஸ் கிளம்பவில்லை. காரணம், /ஹோமுக்குக் கீழே எஸ்இலினக்ஸ் (எந்தச் சேவை எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) தரும் லேபிள் யூசர் ஃபைலுக்கானது, டேட்டாபேஸ் அதைத் தொட அனுமதி இல்லை. பல சேவைகளின் சிஸ்டம்டி யூனிட்டில் (சேவையைக் கிளப்பும் ஃபைல்) /ஹோமை மறைக்கும் புரொடெக்ட்ஹோம் இருந்தால் அதுவும் தடுக்கும். லாக் பார்த்து லேபிளைச் சரிசெய்வதற்குப் பதில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அறுபது பேர் லாகின் செய்யும் சர்வரில்! செய்திருக்க வேண்டியது: /எஸ்ஆர்வி-யைத் தனி ஃபைல்சிஸ்டமாக வைத்து, டேட்டாவை அங்கே நகர்த்தி, செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -இ என்று பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் கொடுத்து, ரீஸ்டோர்கான் -ஆர் ஓட்டுவது. இரண்டே வரி. யாராவது ‘சர்வர் ரெடி’ என்றால் கெட்என்ஃபோர்ஸ் அடித்துப் பாருங்கள். என்ஃபோர்சிங் என்று வரவில்லையானால் ஏன் என்று கேளுங்கள்.

கோட்டா விஷயத்தில் நடந்தது சுத்தமான கண்கட்டு. கோட்டா பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, அதன் பெயர் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்தார்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸில் கோட்டா பேக்கேஜால் வருவதில்லை, மவுண்ட் (ஃபைல்சிஸ்டத்தை ஒரு டைரக்டரியில் இணைப்பது) ஆப்ஷனால் வருவது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலான /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் /ஹோம் வரியில் யூக்வோட்டா இருக்க வேண்டும், இங்கே இருந்தது டிஃபால்ட்ஸ் மட்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும் ரீமவுண்ட் செய்தால் எடுக்காது, முழுதாக அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும். ஆட்கள் உள்ளே இருக்கும் /ஹோமை அன்மவுண்ட் செய்ய முடியாது, ஆகவே எல்லோரையும் வெளியேற்றி நேரம் ஒதுக்க வேண்டும். மவுண்ட் ஆனதும் இருக்கும் ஃபைல்களை எல்லாம் எண்ணிக் கணக்கெடுக்கும், ஃபைல் அதிகமானால் அதற்கும் காத்திருக்க வேண்டும். சோதிக்க, எக்ஸ்எஃப்எஸ்_கோட்டா -எக்ஸ் -சி ‘ரிப்போர்ட் -எச்’ /ஹோம். யூசர் பெயரும் எதிரே லிமிட்டும் வந்தால் கோட்டா இருக்கிறது. ஒன்றுமே வராமல் ப்ராம்ப்ட் திரும்பினால் கோட்டா இல்லை. லிமிட்டுகள் எல்லாம் பூஜ்யமாக வந்தால் கணக்கு மட்டும் எடுக்கிறது, யாரையும் தடுக்காது.

பேக்கப்புக்கு வருவோம். முதலில் ‘பேக்கப்’ என்று காட்டியது /ஹோமுக்குள்ளேயே ஒரு டைரக்டரி. நேரம் குறித்து வேலை ஓட்டும் க்ரானில் ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளை, தினமும் இரவில் அதே டிஸ்கிலிருந்து அதே டிஸ்குக்கு. கண்டித்ததும் ஒரு யூஎஸ்பி டிஸ்க் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டிய இடம் /எம்என்டி, எஃப்எஸ்டேப்பில் எழுதியது /டெவ்/எஸ்டிசி1. இந்த ஒரு வரியில் மூன்று கோளாறு. எஸ்டிசி என்ற பெயர் நிரந்தரமில்லை, அடுத்த பூட்டில் வேறு டிஸ்குக்குப் போகலாம், பிஎல்கேஐடி காட்டும் யூயூஐடியைத்தான் (மாறாத அடையாள எண்) எழுத வேண்டும். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகச் சொல்லும் நோஃபெயில் ஆப்ஷன் இல்லை, ஆகவே யூஎஸ்பி கழன்றிருக்கும்போது ரீபூட் ஆனால் சர்வர் 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிற்கும், யாராவது கன்சோல் முன்னால் போய் நிற்க வேண்டும். மூன்றாவது, /எம்என்டி தற்காலிக மவுண்டுக்கான இடம். எந்த டைரக்டரி எதற்கு என்று சொல்லும், 2015-இல் வந்த எஃப்எச்எஸ் 3.0 வரையறையும் அதைத்தான் சொல்கிறது. அட்மின் வேறொரு டிஸ்கை ஐந்து நிமிஷத்துக்கு அங்கே மாட்டினால் இரவு ஆர்சிங்க் அதில் போய் எழுதும்.

இதைவிட நயவஞ்சகமான சிக்கல் ஒன்று உண்டு. யூஎஸ்பி மவுண்ட் ஆகாத இரவில் /எம்என்டி என்பது ரூட்டிலிருக்கும் வெறும் டைரக்டரி. ஆர்சிங்க் கூசாமல் அதில் எழுதும், 70 ஜிபி காலி. காலையில் யாரோ யூஎஸ்பியை மவுண்ட் செய்துவிட்டால் அடியில் எழுதியது கண்ணிலிருந்து மறைந்துவிடும். டிஎஃப் ரூட் நிரம்பியிருக்கிறது என்கிறது, டியூ -எக்ஸ் கூட்டினால் 15 ஜிபிதான் வருகிறது. இப்படிக் கணக்கு இடித்தால் இரண்டு இடம் பாருங்கள். எல்எஸ்ஓஎஃப் +எல்1 அழித்தும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும், அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். அங்கே ஒன்றுமில்லையானால் ஒரு காலி டைரக்டரியில் மவுண்ட் --பைண்ட் கொண்டு ரூட்டைக் கட்டிப் பாருங்கள், மவுண்ட்டுகளுக்கு அடியில் புதைந்தது தெரியும். முன்கூட்டியே தடுக்க: பேக்கப்புக்கென்று ஒரு தனி டைரக்டரி, டிஸ்க் மாட்டாத நிலையில் அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்ட சிஹெச்ஆட்டர் +ஐ, ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் -க்யூ சோதனை. டிஸ்க் இல்லையென்றால் எழுதாமல் கத்திவிட்டு நிற்கும்.

இதே இரண்டு டிஸ்கில் ஒழுங்காக எப்படிப் பிரித்திருக்கலாம்? மிரர் செய்த 3.6டி-யில் ரூட்டுக்கு 60 ஜிபி, /வாருக்கு 100, /வார்/லாக் 20, அதற்குள் /வார்/லாக்/ஆடிட் 5, /டெம்ப் 20, /வார்/டெம்ப் 10, ஸ்வாப் 16. ஆளுக்கு 25 ஜிபி கடும் வரம்பு (தாண்டவே முடியாது), 20 மென் வரம்பு (கொஞ்ச நாள் தாண்டலாம்) என்று 60 பேருக்கு /ஹோம் 1500. டேட்டாபேஸ், வெப், துறையின் பொது ஃபைல்களுக்கு /எஸ்ஆர்வி 800. மிச்சம் ஒரு டிபிக்கு மேல் வால்யூம் குரூப்பில் ஒதுக்காமல் கிடக்கட்டும், எது முதலில் திணறுகிறதோ அதற்குக் கொடுக்கலாம். கன்டெய்னர் ஓட்டுபவர்கள் அதன் டைரக்டரிக்கும் தனி வால்யூம் வைப்பது நல்லது. /டெம்ப், /வார்/டெம்ப், /ஹோம் மூன்றிலும் நோஸூட் (அங்கிருக்கும் ஃபைல் வேறொருவர் அதிகாரத்தில் ஓடாது), நோடெவ் (டிவைஸ் ஃபைல் செல்லாது). /டெம்பில் நோஎக்ஸெக் (அங்கிருந்து புரோகிராம் ஓட்டத் தடை) போடுவதில் எல்லோருக்கும் ஒரே கருத்தில்லை. சில இன்ஸ்டாலர்களும் ஜாவா நேட்டிவ் லைப்ரரிகளும் அங்கே ஃபைலை விரித்து ஓட்டப் பார்த்து விழும். நாங்கள் போடச் சொல்வோம், விழுகிற மென்பொருளுக்கு டெம்ப்டிர் (தற்காலிக ஃபைல் வைக்கும் இடம்) மாற்றிக் கொடுத்தால் போகிறது. எஃப்எஸ்டேப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, பிறகு சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு, பிறகு மவுண்ட் -ஏ. ரீபூட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல அது.

அடுத்து வாங்குபவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: எல்எஸ்பிஎல்கே, விஜிஎஸ், எல்விஎஸ், எம்டிஸ்டாட், எஃப்எஸ்டேப், கோட்டா ரிப்போர்ட் ஆறின் அவுட்புட்டும் டெலிவரி சலானுடன் வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், உங்கள் ஆள் முன்னால் உட்கார்ந்து அடித்த அவுட்புட். கையெழுத்துக்கு முன் டிஸ்க் கழற்றும் சோதனை. சர்வரை அணைத்து முதல் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பூட் செய்யச் சொல்லுங்கள். இங்கேதான் ரெய்டு ஒழுங்காகப் போட்டவர்களே மாட்டுவார்கள், சர்வர் கிளம்பத் தேவையான /பூட்/இஎஃப்ஐ பகுதியை முதல் டிஸ்கில் மட்டும் வைத்திருப்பார்கள், டேட்டா பத்திரமாக இருக்கும், சர்வர் கிளம்பாது. கிளம்பினால் டிஸ்கைத் திரும்ப மாட்டி எம்டிஅட்மின் --ரீ-ஆட் கொடுங்கள். பிட்மேப் (எந்த இடம் மாறியது என்ற குறிப்பு) இருந்தால் விட்ட இடத்தை மட்டும் சில நிமிஷத்தில் ஒத்திசைக்கும், இல்லையானால் --ஆட் கொடுத்து 4 டிபி முழுவதையும் எழுத ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். எம்டிஸ்டாட்டில் [யூயூ] திரும்பி வந்த பிறகுதான் இரண்டாவது டிஸ்கைக் கழற்ற வேண்டும், அவசரப்பட்டால் நீங்களே இரண்டு பக்கத்தையும் உடைத்தவராவீர்கள். யூசர் டேட்டா ஒரு பைட் கூட ஏறாத நாளில்தான் இந்தச் சோதனை. ஏறிவிட்டால் வெண்டர் ‘டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை சார்’ என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தொடுவார்.