பென்சில் ஹீல்ஸா, பிளாக் ஹீல்ஸா, பூட்ஸா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு கால் கணக்கு

நாகர்கோவில் வேப்பமூட்டில் பேருந்தை விட்டு இறங்கினால் என் அலுவலகத்திற்குப் பத்து நிமிட நடை. அதில் பாதித் தூரம் சாலையோர ஓடையை மூடியிருக்கும் கான்கிரீட் சிலாப்புகளின் மீதுதான் நடக்க வேண்டும். தூக்கி வைப்பதற்கு வசதியாகச் சிலாப்புகளில் ஓட்டை விட்டிருப்பார்கள். பென்சில் ஹீல்ஸின் முனை அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்துச் செய்ததைப் போல உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும் என்பதை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் தெரிந்துகொண்டேன். கால் முன்னே போயிற்று. செருப்பு பின்னே நின்றுவிட்டது. பேருந்திலும் ஸ்கூட்டரிலும் மழையிலும் அலுவலகம் செல்லும் இந்த மாவட்டத்துப் பெண்ணுக்குப் பென்சில் ஹீல்ஸ், பிளாக் ஹீல்ஸ், வெட்ஜ், குதி உயர்ந்த பூட்ஸ் ஆகிய நான்கில் எது உதவும், எது காலை வாரும் என்று அன்றுமுதல் நான் போட்டுவரும் கணக்கு இது.

குதிகாலை உயர்த்துவது வீண் பகட்டு என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் செருப்பு அணியவும் குடை பிடிக்கவும் கூடாது என்ற தடை இருந்த மண் இது; பெண்களின் மேலாடைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859-இல் மன்னரின் பிரகடனம் வரும்வரை நீண்டது. உடுப்பையும் செருப்பையும் பார்த்து ஆளை அளக்கும் பழக்கம் இங்கே அவ்வளவு பழையது. ஆகவே அலுவலகத்திற்கு மூன்று அங்குல ஹீல்ஸில் வரும் இளம்பெண்ணைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அவர் வாங்கும் பொருள் அவர் போகும் வழிக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் கேட்கிறேன். மேலும், உயர்ந்த குதி பெண்களுக்கென்று பிறந்ததும் அல்ல. குதிரையின் அங்கவடியில் கால் நழுவாமல் நிற்பதற்காகப் பாரசீக வீரர்கள் அணிந்ததுதான் பிறகு ஐரோப்பிய ஆண்களின் காலுக்குப் போய், அங்கிருந்து பெண்களிடம் வந்து சேர்ந்தது.

பென்சில் ஹீல்ஸை முதலில் எடுத்துக்கொள்வோம். உலோகத் தண்டை உள்ளே வைத்துக் குதியை மெல்லியதாக்கும் முறை பரவிய 1950-களில்தான் இந்த வடிவம் புகழ் பெற்றது. இத்தாலிய மொழியில் இதற்கு வைத்த ஸ்டிலெட்டோ என்ற பெயருக்குச் சிறு குத்துவாள் என்று பொருள்; பெயர் பொருத்தமானதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, குதி தரையைத் தொடும் ஒரு கணத்தில் உடலின் பாரம் முழுவதும் அந்த முனையில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள முனையின் மீது 60 கிலோ இறங்குகிறது. அதே பெண் நான்குக்கு நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள பிளாக் ஹீல்ஸ் அணிந்தால் அந்தப் பாரம் 16 சதுர சென்டிமீட்டரில் பரவி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோகூட வராது. மழை பெய்து ஊறிய செம்மண் வழியில், கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் ஏற்ற இறக்கமான ஊடுவழிகளில், இந்தக் கணக்கை மண்ணே எழுதிக் காட்டும்: பிளாக் ஹீல்ஸ் தடம் பதிக்கும், பென்சில் ஹீல்ஸ் குழி தோண்டும்.

முனையின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு ரப்பர் துண்டு தேய்ந்துவிட்டால் அடுத்து தேய்வது குதியேதான். டைல்ஸ் தரையில் டக் டக் என்று ஓசை வரத் தொடங்கினாலே அந்தத் துண்டு போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் நனைந்த கிரானைட் படியில் கால் வைப்பது ஆபத்து. நான் வழக்கமாகச் செருப்பு தைக்கக் கொடுக்கும் பெரியவர் மூன்றே மாதத்தில் இரண்டாம் முறையாக முனையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "மக்களே, செருப்பு நல்லாத்தான் இருக்கு, ரோட்டத்தான் மாத்தணும்" என்றார்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரேக் கையில் இருப்பதால் ஹீல்ஸ் ஒன்றும் செய்யாது என்று தோன்றும். சிக்கல் நிறுத்தும்போது வருகிறது. மேடான இடத்தில் வண்டியைத் தாங்குவதற்குக் காலை ஊன்றினால், ஊன்றுவது முன்பாதம் மட்டுமே. குதியின் முனை சாலையில் ஒரு புள்ளியாக நின்று ஆடும். வண்டி சாயத் தொடங்கினால் அந்தக் காலால் பிடிக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு பிளாக் ஹீல்ஸுக்கு மாலை போட்டுவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். நடைக்கு உறுதி, சிலாப்பு ஓட்டையில் சிக்காது, நகரப் பேருந்தின் உயரமான படியில் ஏறும்போது பாதம் பக்கவாட்டில் மடங்காது. பேருந்து புறப்பட்ட பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வசதி. ஆனால் 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு என் உற்சாகத்தைக் குறைத்தது. குதி மெல்லியதாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும், உயரமான குதியோடு நடக்கும்போது முழங்காலில், குறிப்பாக அதன் உட்புறத்தில், விசை கூடுகிறது என்று அது காட்டியது. அந்த உட்புறம்தான் முழங்கால் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் தொடங்கும் இடம். அகலமான குதி விழாமல் காப்பாற்றும், முழங்காலைக் காப்பாற்றாது. வசதியாக இருப்பதால் பெண்கள் அதைக் கூடுதல் நேரம் அணிந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று அங்குல பிளாக் ஹீல்ஸ் பென்சில் ஹீல்ஸைவிட நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. உயரத்தைக் குறைத்தால்தான் அகலத்தால் பயன்.

வெட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குதியும் அடியும் ஒரே கட்டையாக இருப்பதால் சமதரையில் சுகம். 1930-களில் இத்தாலியில் சல்வதோரே ஃபெராகாமோ, காலணிக்குத் தேவையான எஃகு கிடைக்காத நெருக்கடியில் கார்க்கை அடுக்கி இந்த வடிவத்தை உருவாக்கினார். கடினமான வெட்ஜ் வளைந்து கொடுக்காது; உடைந்த பேவர் கல்லின் விளிம்பில் அதன் ஒரு பக்கம் ஏறினால் அடி முழுவதும் சாய்ந்து கணுக்காலையும் இழுத்துக்கொண்டு போகும். சணல் சுற்றிய வெட்ஜை மழைக்காலத்தில் வாங்குகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

பூட்ஸுக்கு வருவோம். கணுக்கால் வரை மூடிய, பக்கத்தில் ஜிப் வைத்த, இரண்டு அங்குலக் குதியுள்ள பூட்ஸ்தான் இப்போது கடைகளில் அதிகம் கண்ணில் படுகிறது. ஹீல்ஸ் வகைகளுள் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது இது ஒன்றுதான். அந்த வகையில் நடைக்கு மிகப் பாதுகாப்பானது. குழித்துறையிலும் இரணியலிலும் காலையில் ரயில் ஏறித் திருவனந்தபுரத்திற்கு, அதிலும் கழக்கூட்டம் டெக்னோபார்க்கிற்கு, வேலைக்குச் செல்லும் பெண்கள் சிலர் இதை விரும்பி அணிவதைப் பார்த்திருக்கிறேன். நடைமேடைக்கும் பெட்டிப் படிக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டும்போது காலை விட்டு நழுவாத காலணி ஒரு வரம். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் இருப்பதால் வியர்வையும் பெரிய தொல்லையாகாது.

நாகர்கோவிலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதே பூட்ஸ் நண்பகலுக்குள் அடுப்பாகிவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விட்டு விட்டுத் தொடரும். வாரில் கட்டிய செருப்பு நனைந்தால் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். பூட்ஸுக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் வெளியேற வழி கிடையாது. நனைந்த சாக்ஸோடு ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தோல் பூட்ஸாக இருந்தால் மறுநாள் அதன் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். வீடு வந்ததும் ஜிப்பை முழுவதும் திறந்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்து, காகிதம் ஈரமானதும் மாற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். இந்த வேலைக்கு ஒருவர் வீட்டில் இருந்தால் பூட்ஸ் வாங்கலாம்.

கழற்றுவது மற்றொரு தொல்லை. வீட்டு வாசலில், கோயில் வாசலில், செருப்பை வெளியே விடச் சொல்லும் சிறு அலுவலகங்களில் என்று நாளில் எத்தனை முறை செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அலுவலகம் முடிந்து நாகராஜா கோயிலுக்குப் போய்விட்டு வருவோம் என்று தோழி அழைத்தால், அவர் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விடுவார். நான் குனிந்து ஜிப்போடு போராடிக்கொண்டிருப்பேன். கடன் வசூல், கணக்கெடுப்பு, சுகாதாரப் பணி என்று வீடு வீடாகப் போகிறவர்களுக்குப் பூட்ஸ் அறவே ஒத்துவராது.

ஆகவே வழிக்கு ஒரு செருப்பு, மேசை இழுப்பறையில் ஒரு ஹீல்ஸ் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் பலரும் கண்டடைந்த வழி. நானும் அப்படித்தான் செய்தேன். 1,200 ரூபாய்க்கு வாங்கிய கறுப்பு பிளாக் ஹீல்ஸை இழுப்பறையில் வைத்து, கூட்டம், ஆய்வு என்று முக்கியமான நாட்களில் மட்டும் அணிந்தேன். மொத்தத்தில் இருபது முறை அணிந்திருந்தால் அதிகம். மூன்றாம் ஆண்டில் ஒரு தணிக்கை நாளன்று அதை மாட்டிக்கொண்டு நாலடி நடந்ததும் அடிப்பாகம் ஈரத்தில் இளகிய கருப்பட்டியைப் போல உதிர்ந்து, நான் நடந்த வழியெங்கும் கறுப்புத் தூளாகக் கிடந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, அணியாமல் வைத்திருந்தது என் தவறு என்றார்.

உண்மையில் நடந்தது வேதியியல். பாலியூரித்தேன் என்னும் பி.யு. அடிகள் எடை குறைந்தவை, மெத்தென்றிருப்பவை. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்று இதைச் சொல்வார்கள். அணிந்தாலும் அணியாவிட்டாலும் அது நடக்கும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் விரைந்து நடக்கும். கடற்காற்று வீசும் மாவட்டத்தில், காற்று புகாத இழுப்பறையில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த பி.யு. ஹீல்ஸுக்கு ஆயுள் குறைவு. இழுப்பறைக்கென்று வாங்குகிறவர்கள் ரப்பர் அடியோ, கடைக்காரர்கள் டி.பி.ஆர். என்று சொல்லும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் அடியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. எடை சற்றுக் கூடும். ஆனால் தூளாகாது, நனைந்த தரையிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு விளையும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத நேர்ந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கும் நின்று பார்க்கும் வேலைக்கும் ஒரே தீர்ப்பு கிடையாது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் வரவேற்பு மேசையிலும் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள் உள்ளிட்ட ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல்தான் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதை 2018-இலேயே செய்துவிட்டது. நிற்கும் வேலையில் ஹீல்ஸைச் சீருடையாக்குவது கொடுமை. பிலிப்பைன்ஸ் அரசும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2017-இல் அத்தகைய கட்டாயத்தைத் தடை செய்தன. ஜப்பானில் 2019-இல் பெண்கள் இதை எதிர்த்து இயக்கமே நடத்தினார்கள். நிற்கும் வேலையிலிருக்கும் பெண்ணுக்கு இந்த நான்கில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பாதத்தை நெருக்காத, ஒரு அங்குலத்துக்குள் அடங்கும் கட் ஷூ போதும்.

உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு என் தேர்வு ஒன்றரை அங்குல பிளாக் ஹீல்ஸ்; குளிரூட்டிய அலுவலகத்திற்கு ரயிலில் செல்கிறவர்களுக்கு மட்டும் அதே உயரத்தில் பூட்ஸ். பென்சில் ஹீல்ஸ் திருமண வரவேற்பு மேடைக்கு இருக்கட்டும். தினமும் உயரமாக அணிந்து பழகியவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நெடுநாள் ஹீல்ஸ் அணிந்தவர்களின் கெண்டைத்தசை நார்கள் குறுகி, குதிநாண் விறைத்திருப்பதை 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. ஆகவே மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்றரை என்று சில மாதங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். வாங்குவதற்கு மாலை நேரமே ஏற்றது. பகல் முழுவதும் தொங்கவிட்ட கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துவதுதான் மறுநாள் கடிக்காது.

ஒன்றரை அங்குலம் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குச் சேலையும் ஒரு காரணம். மூன்று அங்குல ஹீல்ஸை மாட்டிக்கொண்டு கட்டிய சேலை, வழியில் தட்டைச் செருப்பு அணிந்தாலோ கோயிலில் வெறுங்காலோடு நின்றாலோ மூன்று அங்குலம் தரையில் புரளும். ஃபால்ஸ் ஒரே மழைக்காலத்தில் கிழிந்துவிடும். தட்டைச் செருப்புக்கு அளவாகக் கட்டினால், அலுவலகத்தில் ஹீல்ஸ் மாட்டியதும் சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஒன்றரை அங்குலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வெறுங்காலோடு நின்று, கொசுவத்தின் அடியை விரலளவு உயர்த்திக் கட்டிக்கொண்டால், இழுப்பறைச் செருப்பிலும் பேருந்துச் செருப்பிலும் ஒரே சேலை ஒழுங்காக நிற்கிறது.